6.0 போதாது என்கிறார்களா? வெளிநாட்டு ஆங்கில முன்வகுப்புக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாராகுங்கள்

"பிள்ளையின் படிப்புக்கு" என்று சொல்லித்தான் நம்மில் பலர் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். வாங்கி ஒரு மாதம் ஆனதும் அதில் பாட்டு ஓடும், படம் ஓடும், படிப்பு மட்டும் ஓடாது. அதை வைத்து எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் காரணம். வெளிநாட்டில் படிக்கக் கிளம்பும் மாணவர்களின் பெரிய தலைவலி ஒன்றுக்கு இந்தக் கம்ப்யூட்டர் எப்படிக் கைகொடுக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருந்து கடிதம் வருகிறது. இடம் உண்டு என்கிறார்கள். கீழே ஒரு வரி: "ஆங்கிலத் தேர்வில் 6.5 எடுத்திருக்க வேண்டும்." மாணவர் எடுத்திருப்பதோ 6.0 அல்லது 5.5. இப்படிப்பட்டவர்களுக்காகவே பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் "ப்ரீ செஷனல் இங்கிலீஷ்" என்ற வகுப்பை நடத்துகின்றன. பட்டப்படிப்பு தொடங்கும் முன் கோடையில் சில வாரங்கள். மதிப்பெண் இடைவெளி குறைவு என்றால் 6 வாரம், அதிகம் என்றால் 10, 12 வாரம் என்று நீளும். அதை முடித்துத் தேறினால் மீண்டும் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதாமலே பட்டப்படிப்பில் சேரலாம். தேறாவிட்டால் பட்டப்படிப்பில் சேர்க்க வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகத்திற்கு இல்லை. விமான டிக்கெட், விசா, வகுப்புக் கட்டணம் எல்லாம் போனது போனதுதான். ஆஸ்திரேலியாவில் இதே போன்ற வகுப்புகளை "எலிகோஸ்" என்பார்கள். அங்கே வாரத்திற்குக் குறைந்தது 20 மணி நேர வகுப்பு உண்டு. வருகை 80 சதவீதத்திற்குக் கீழே போனால் விசாவுக்கே சிக்கல் வரலாம்.

எங்கள் போடிநாயக்கனூரில் இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் ஏலக்காய்க் கணக்கோடு சேர்த்துத்தான் போடப்படும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022ல் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. விலை ஏறிய வருடத்தில் "பிள்ளையை லண்டனுக்கு அனுப்புறேன்" என்று சொன்ன அப்பா, விலை இறங்கிய வருடத்திலும் அந்தப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். இரண்டாவது முறை கட்டுவதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. ஆகவே இந்த வகுப்பில் முதல் தடவையிலேயே தேற வேண்டும்.

என் அக்கா மகள் அப்படித்தான் கிளம்பினாள். பி.இ. முடித்தவள். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 6.0, எழுத்துப் பகுதியில் மட்டும் 5.5. பத்து வார வகுப்பு. கிளம்புவதற்கு முன் ஐந்து மாதம் கையில் இருந்தது. அதில் பாதி நாள் போடிமெட்டுச் சரிவில் இருக்கும் அவர்கள் தோட்ட வீட்டில். அங்கே நெட் சிக்னல் என்பது மழையையும் மேகத்தையும் பொறுத்த விஷயம். அந்த ஐந்து மாதத்தில் அவளுடைய கம்ப்யூட்டரில் நாங்கள் செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய கதை கொஞ்சம்

ஆங்கிலத்தால் தடுக்கி விழுவது நமக்குப் புதிதல்ல. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தபோது கணித மேதை ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். 1907ல் மறுபடி எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. அதே ராமானுஜன் 1914ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ வரும் வரை பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு இருந்தது. தமிழ் மீடியத்தில் பள்ளி முடித்து, பி.யு.சி.யில் திடீரென்று பௌதிகம் முதல் சரித்திரம் வரை ஆங்கிலத்தில் கேட்டு விழித்தவர்கள் இன்றைக்குத் தாத்தாக்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பிரிட்டனில் இதற்கென்று பாடம் நடத்துபவர்கள் 1972லேயே ஒரு சங்கமாகக் கூடிவிட்டார்கள். இன்று அதன் பெயர் பேலீப். இந்த வகுப்புகளுக்குத் தரச்சான்றும் தருகிறது. நீங்கள் சேரப்போகும் வகுப்பு அந்தச் சான்று பெற்றதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் அல்ல

இந்த வகுப்பைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் இதுதான். ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரைப் போல "ஹவ் ஆர் யூ, ஐயாம் ஃபைன்" அங்கே நடக்காது. பொதுவாக நான்கு வேலைகள் தருவார்கள். ஆதாரங்களைக் குறிப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு தலைப்பை விவாதிக்க வேண்டும். பத்து நிமிடம் போல ஸ்லைடுகளை வைத்துப் பேச வேண்டும். நான்கிலும் தனித்தனியாகத் தேற வேண்டியிருக்கும். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு 7 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் என்று பிரித்த பிறகும் நிறம் பார்ப்பார்கள், லிட்டர் எடை பார்ப்பார்கள் அல்லவா? காய் பெரிதாக இருந்தும் எடை இல்லாவிட்டால் தரம் இறங்கிவிடும். அதே கதைதான். பேச்சில் வாங்கிய மதிப்பெண் எழுத்தில் விட்டதை ஈடு செய்யாது.

சிக்னல் இல்லாத இடத்தில் காது பழக்குவது

விரிவுரை கேட்பதில் இருந்து ஆரம்பிப்போம். பிபிசியின் "லேர்னிங் இங்கிலீஷ்" தளத்தில் "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்" என்ற நிகழ்ச்சி இருக்கிறது. ஆறே நிமிடம், இலவசம். ஒலிக் கோப்பையும் பேசியதன் எழுத்து வடிவத்தையும் டவுன்லோட் செய்து கொள்ளலாம். நான் போடியில் என் வீட்டு இணைப்பில் இருபது முப்பது நிகழ்ச்சிகளை மொத்தமாக இறக்கி, பென் டிரைவில் போட்டு, காலையில் தோட்டத்திற்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் கொடுத்து அனுப்பிவிடுவேன். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பென் டிரைவ் போய்ச் சேர்ந்துவிடும். நெட் இல்லை என்று ஒரு நாளும் அவள் சும்மா இருந்ததில்லை.

இதைக் கேட்க விஎல்சி பிளேயர் போதும். இதுவும் இலவச மென்பொருள்தான். ஒலிக் கோப்பைத் திறந்து, கீபோர்டில் [ என்ற கீயைத் தட்டினால் பேச்சின் வேகம் குறையும். ] என்ற கீ வேகத்தைக் கூட்டும். = என்ற கீயைத் தட்டினால் பழைய வேகத்திற்கு வந்துவிடும். ஒரே வாக்கியம் புரியவில்லை, அதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்றால், வியூ மெனுவில் "அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். கீழே சில புதிய பட்டன்கள் வரும். அதில் ஏ-பி லூப் பட்டனை வாக்கியம் தொடங்கும் இடத்தில் ஒரு முறையும் முடியும் இடத்தில் ஒரு முறையும் கிளிக் செய்தால், அந்தத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி ஓடும்.

முதல் தடவை எழுத்து வடிவத்தைப் பார்க்கவே கூடாது. பேப்பரில் குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாம் முறை சந்தேகமான இடங்களை லூப்பில் கேட்க வேண்டும். மூன்றாம் முறைதான் எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். வார்த்தை தெரியாததால் தவறவிட்டவை குறைவு என்பதும், தெரிந்த வார்த்தைகளையே அவர்கள் சேர்த்துச் சேர்த்து விழுங்கிப் பேசியதால் தவறவிட்டவைதான் அதிகம் என்பதும் அப்போது தெரியும். வேகத்தைக் குறைத்து வைத்தே பழகிவிடாதீர்கள். கடைசி மாதத்தில் ] கீயைத் தட்டிச் சற்று வேகமாகவே கேட்டுப் பழகினால் அங்கே வகுப்பறை நிதானமாகத் தோன்றும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் "லைவ் கேப்ஷன்ஸ்" வரும். கம்ப்யூட்டரில் ஓடும் எந்தப் பேச்சையும் எழுத்தில் காட்டும். முதல் முறை மொழிக் கோப்பை இறக்கிக்கொள்ள நெட் வேண்டும். பிறகு வேண்டாம். வசதிதான், ஆனால் இதை நான் அவளுக்குக் கடைசி வரை சொல்லித் தரவில்லை. எழுத்து திரையில் இருந்தால் காது தூங்கிவிடும்.

பேசுவதைக் கம்ப்யூட்டர் கேட்கட்டும்

தமிழில் ப என்ற ஒரே எழுத்துதான் பாட்டுக்கும் பஸ்ஸுக்கும். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. க, ட ஆகியவற்றுக்கும் இதே பிரச்சினை. நம் காதுக்கு நாம் சரியாகச் சொல்வது போலத்தான் இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: வேர்டைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் எச் கீயை அழுத்துங்கள். மைக் படம் வரும். பேசினால் டைப் ஆகும். இதற்கு நெட் இணைப்பு தேவை. செட்டிங்ஸில் "டைம் அண்ட் லாங்குவேஜ்" பகுதிக்குப் போய் இங்கிலீஷ் (இந்தியா), இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்) இரண்டையும் சேர்த்து வையுங்கள். முதலில் இந்தியாவில் வைத்துப் பேசுங்கள். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ்பாரைத் தட்டி யுனைடெட் கிங்டமுக்கு மாற்றி அதே பத்தியைப் பேசுங்கள். முதலில் சரியாக டைப் ஆகி, இரண்டாவதில் தப்பாக வருகிற வார்த்தைகளைக் குறித்து வையுங்கள். கம்ப்யூட்டரும் தப்பாகக் கேட்கும், அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரே வார்த்தையை ஐந்து முறையும் தப்பாகக் கேட்டால் நம் உச்சரிப்பைத்தான் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு அகராதி தளங்களில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால் பிரிட்டிஷ் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் தனித்தனியே கேட்கும்.

இன்னொரு விஷயம். "ஐ ஹேவ் எ டவுட்" என்று நம் வகுப்பில் கையைத் தூக்குகிறோம். அங்கே அதைக் கேட்பவர், சொன்னதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். "கொஸ்டின்" என்று சொல்ல வேண்டும். "பாஸ்டு அவுட் ஆஃப் காலேஜ்" என்றால் மயங்கி விழுந்தாயா என்று பார்ப்பார்கள். ஈமெயிலில் "ரெஸ்பெக்டட் சார்", "டூ தி நீட்ஃபுல்" வேண்டாம். பெரும்பாலான ஆசிரியர்கள் தங்களைப் பெயர் சொல்லியே அழைக்கச் சொல்வார்கள். வாய் வராதுதான், பழகிக்கொள்ள வேண்டும்.

கட்டுரைதான் கழுத்தைப் பிடிக்கும்

நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் அங்கே அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் தேர்வுகளில் புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதுபவருக்கு முழு மதிப்பெண். நோட்ஸ் வாங்கி, மனப்பாடம் செய்து, அப்படியே இறக்கி வைக்கிறோம். பன்னிரண்டு வருடம் பாராட்டு வாங்கித் தந்த அதே திறமைக்கு அங்கே பெயர் "பிளேஜரிசம்". எழுத்துத் திருட்டு.

வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம் அக்கா மகள் போன் செய்தாள். முதல் வரைவுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கட்டுரைகளை டர்னிட்டின் என்ற மென்பொருளில் போடுகிறார்கள். மற்ற நூல்கள், இணையப் பக்கங்கள், முந்தைய மாணவர் கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஒத்துப் போகும் வரிகளுக்கு நிறம் அடித்துக் காட்டும். இவள் கட்டுரையில் இரண்டு பத்திகள் முழுக்க நிறம்.

"மாமா, நான் காப்பி அடிக்கல மாமா. படிச்சது மனசுல இருந்துச்சு, எழுதிட்டேன்."

"அதைத்தாம்மா அவங்க காப்பிங்குறாங்க. எங்கே படிச்சேன்னு எழுதுனியா?"

எழுதவில்லை. நல்ல வேளை, அது வரைவுதான். இறுதிக் கட்டுரையாக இருந்திருந்தால் விசாரணை வரை போயிருக்கும்.

இதற்கு இங்கேயே பழகலாம். ஒரு கட்டுரையைத் திரையில் திறந்து ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள். அந்த விண்டோவை மினிமைஸ் செய்யக் கூடாது, மூடியே விட வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, வேர்டைத் திறந்து, பத்தியில் என்ன சொல்லியிருந்தது என்று உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். நான்கைந்து வார்த்தைகள் அப்படியே அடுத்தடுத்து வந்திருந்தால் மாற்றுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் வேறு வார்த்தை போட்டு மாற்றுவது பயன்படாது. ஷிஃப்ட், எஃப்7 அழுத்தினால் வேர்ட் மாற்று வார்த்தைகளைத் தரும். அதை நம்பி மாற்றினால் வாக்கியம் வேட்டிக்கு டை கட்டியது போல இருக்கும்.

சொந்த வார்த்தையில் எழுதினாலும் கருத்து யாருடையது என்று குறிப்பிட வேண்டும். வேர்டிலேயே இதற்கு வசதி உண்டு. "ரெஃபரன்சஸ்" டேபிற்குச் சென்று, "ஸ்டைல்" என்ற இடத்தில் ஏபிஏ அல்லது ஹார்வர்டைத் தேர்ந்தெடுங்கள். எது வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிடும். பிறகு "இன்செர்ட் சைட்டேஷன்", "ஆட் நியூ சோர்ஸ்" கிளிக் செய்தால் ஒரு படிவம் வரும். புத்தகமா, ஆய்விதழ்க் கட்டுரையா, இணையதளமா என்று தேர்ந்தெடுத்து ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை நிரப்பி ஓகே தட்டுங்கள். எழுதிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் வந்துவிடும். கட்டுரை முடிந்ததும் "பிப்ளியோகிராஃபி" கிளிக் செய்தால் முழுப் பட்டியலும் தானாகவே வரும். புத்தகங்கள் நிறையச் சேர்ந்தால் ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இன்னும் வசதி.

வார்த்தைகளுக்கு: நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000ல் வெளியிட்ட "அகடமிக் வேர்ட் லிஸ்ட்" இருக்கிறது. எல்லாத் துறைப் பாட நூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். வாக்கிய அமைப்புகளுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் "அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்" தளம் நல்லது. ஒரு கருத்தை மறுப்பது எப்படி, ஒரு படத்தை விவரிப்பது எப்படி என்று தொடக்க வாக்கியங்களை வகைப்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை எடுத்துப் பயன்படுத்தலாம், திருட்டு ஆகாது.

தவறுகளுக்கு எக்ஸெலில் ஒரு கணக்கு வையுங்கள். தேதி, எழுதிய வாக்கியம், திருத்திய வாக்கியம், என்ன வகைத் தவறு என்று நான்கு பத்தி. மாதக் கடைசியில் "டேட்டா" டேபில் "ஃபில்டர்" போட்டால் எந்த வகைத் தவறு அதிகம் என்று தெரிந்துவிடும். அக்கா மகளுக்குப் பாதிக்கு மேல் எ, ஆன், தி பிரச்சினை. தமிழில் இவை இல்லையே, எங்கே போடுவது, எங்கே விடுவது என்ற உணர்வு நமக்கு இயல்பாக வராது. எல்லா இலக்கணத்தையும் புரட்டாமல் அந்த ஒன்றையே இரண்டு மாதம் பார்த்தாள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றிக் கேட்பீர்கள். "என் பத்தியில் உள்ள தவறுகளைச் சுட்டிக்காட்டு, திருத்தாதே" என்று கேட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். கட்டுரையை அதையே எழுத விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டர்னிட்டின் 2023லேயே அதைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்துவிட்டது. அது சில நேரம் நேர்மையாக எழுதியவரையும் சந்தேகிக்கிறது. ஆகவே ஒரே கோப்பில் மேலே மேலே சேவ் செய்யாமல், "சேவ் ஆஸ்" கொடுத்துக் கட்டுரை1, கட்டுரை2 என்று ஒவ்வொரு நாள் வரைவையும் தனியாக வைத்திருங்கள். யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

அவளுடைய இறுதிக் கட்டுரை தேறியது. தலைப்பு, மலைச்சரிவு விவசாயத்தில் மண் அரிப்பு. ஆதாரப் பட்டியல் மட்டும் ஒன்றரைப் பக்கம்.

கிளம்பும் முன்

டைப்பிங் பழகியிருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். 60 நிமிடத்தில் 150 வார்த்தையும் 250 வார்த்தையுமாக இரண்டு பகுதிகள் எழுத வேண்டும். வார்த்தை எண்ணிக்கையைத் திரை காட்டும், ஸ்பெல் செக் கிடையாது. ஆகவே வீட்டில் நோட்பேடில் எழுதிப் பழகும்போது ஸ்பெல் செக்கை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு பகுதியில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்தவர்கள் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் "ஒன் ஸ்கில் ரீடேக்" வசதியும் வந்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று முதலில் ஈமெயிலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பத்து வார வகுப்புக் கட்டணத்தை விட இது மிகவும் மலிவு.

வேர்டில் "ரிவ்யூ" டேபில் "லாங்குவேஜ்", "செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்" சென்று இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்) வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அமெரிக்க ஸ்பெல்லிங்கைச் சரி என்றும் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கைத் தப்பு என்றும் சிவப்புக் கோடு போடும். லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது என்பதால், கிளம்பும் முன் 11க்கு மாற்றிக்கொள்வது நல்லது.

நம் ஊர் லேப்டாப் சார்ஜர் அங்கேயும் வேலை செய்யும், மின்னழுத்தம் ஒன்றுதான். பிளக் மட்டும் தட்டையான மூன்று முள் என்பதால் ஒரு அடாப்டர் வேண்டும். கடைசியாக ஒன்று: பல்கலைக்கழக நூலகக் கம்ப்யூட்டர்களில் பிரிட்டிஷ் கீபோர்டு இருக்கும். நம் கீபோர்டில் ஷிஃப்ட்டுடன் 2 அழுத்தினால் @ வரும். அங்கே மேற்கோள்குறி வரும். @ இருப்பது என்டர் கீக்குப் பக்கத்தில். பாஸ்வேர்டில் @ வைத்திருப்பவர்கள் முதல் நாளே மூன்று முறை தப்பாகத் தட்டி அக்கவுண்ட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பார்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள நீளமான பாஸ்வேர்டு ஒன்றை, பல்கலைக்கழகம் அனுமதித்தால், இங்கிருந்தே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.